இந்தத் தாழ்ப்பாள் புதிதா?



ம்யூனிக் நகரை அடுத்து ஹார் என்றோர் ஊர். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியங்கள் 2017இல் அங்கே குடிபோயின. பொறியியல் படித்த இருவரும் சட்டம் படித்த ஒருவருமாக வாரியத்தின் மூன்று பேர் அமர்ந்து, ஒரு கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி மட்டுமே பொழுது சாயும்வரை விசாரிப்பது உண்டு. கொலை கிடையாது, களவு கிடையாது. இரண்டு பக்கமும் வழக்குரைஞர்கள், மேசை நிறைய வரைபடங்கள். கேள்வி ஒன்றுதான்: இந்தத் தாழ்ப்பாள் புதிதா?

அந்தக் கேள்வியைத்தான் இன்றைய சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அணுவைப் பற்றியோ செயற்கை அறிவைப் பற்றியோ பேசியிருக்கலாம். ஆனால் காப்புரிமைச் சட்டம் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தாழ்ப்பாளைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று கையில் தொட்டே பார்த்துவிடலாம். எகிப்தியர் காலத்திலிருந்தே மனிதன் அதைச் செய்துகொண்டிருக்கிறான். இத்தனை பழைய பொருளில் ஒருவர் வந்து "இது புதிது, இருபது ஆண்டுக்கு இதை வேறு யாரும் செய்யக்கூடாது" என்று கேட்டால், அதைத் தருவதா மறுப்பதா என்று எப்படித்தான் முடிவு செய்வது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் தாழ்ப்பாளின் இரும்பு தோற்பதில்லை, அதை வருணித்த வாக்கியம்தான் தோற்கிறது. பழைய பொருளின் பாடும் அப்படித்தான். பழையது என்பதற்காக மட்டும் அது வென்றுவிடாது. அதற்குத் தேதியோடு சாட்சி வேண்டும்.

முதலில் நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் இயந்திரங்களின் ஊர். ரீட்டர் 1795இல், சுல்சர் 1834இல், சுவிஸ் லோகோமோட்டிவ் தொழிற்சாலை 1871இல். நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறியவர்கள், அந்த நீராவி இஞ்சினின் பக்கவாட்டில் பதித்த தகட்டில் இந்த ஊரின் பெயரைப் படித்திருக்கலாம். எக்ஸ் வகை எனப்படும் அந்தப் பழைய இஞ்சின்கள் இங்கே செய்யப்பட்டவை. அவை பற்றி ஏறும் பல்தண்டவாளம் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1882இல் காப்புரிமை பெற்றது.

ஆப்ட் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அதைப் படைக்கவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் அருகே பிளென்கின்சாப் என்பவர் 1811லேயே தண்டவாளத்தின் பக்கத்தில் பற்கள் வைத்து இஞ்சின் ஓட்டக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் 1861இல் பற்களைத் தண்டவாளங்களுக்கு நடுவே கொண்டுவந்து காப்புரிமை வாங்கினார். ஒல்ட்டன் ரயில் பட்டறையின் தலைவராக இருந்த நிக்லவுஸ் ரிகன்பாக் 1863இல் தம்முடைய பல்தண்டவாளத்துக்குக் காப்புரிமை பெற்றார். எங்கே தெரியுமா? பிரான்சில். சுவிட்சர்லாந்தில் அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லை! ஆப்ட் செய்தது, குறுக்குக் கம்பிகளுக்குப் பதிலாகப் பல்வெட்டிய தகடுகளை அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேரே வரும்படி வைத்தது. ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். பல்தண்டவாளம் பழையது, நடுவில் வைப்பது பழையது, பற்களை மாற்றி மாற்றி வைத்ததுதான் அவருடைய பங்கு. நம் தாழ்ப்பாள் வழக்கிலும் இப்படித்தான். எது பழையது, எது அவருடைய பங்கு என்று பிரித்து எழுதத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

சட்டம் இல்லாத நாடு என்றேன். 1866இலும் 1882இலும் வாக்காளர்கள் காப்புரிமையை நிராகரித்தார்கள். 1887இல் ஒப்புக்கொண்டார்கள், 1888இல் சட்டம் வந்தது. அதில் ஒரு விசித்திரமான விதி: மாதிரி செய்து காட்டக்கூடிய கண்டுபிடிப்புக்குத்தான் காப்புரிமை. பாசல் நகரத்துச் சாயத் தொழிற்சாலைகளுக்கு இது வசதி. சாயத்துக்கு மாதிரி செய்ய முடியாது, ஆகவே ஜெர்மன்காரர் கண்டுபிடித்ததைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஜெர்மனி நெருக்கியபின் 1907இல்தான் அது மாறியது. தாழ்ப்பாள் மட்டும் அந்தச் சட்டத்துக்கே அளந்து செய்த பொருள்போல இருந்தது. மரத்தில் ஒன்று செய்து பேர்னுக்கு அனுப்பினால் போதும்.

வாக்கியம்தான் தோற்கிறது என்றேனே, அதற்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு. ருடால்ஃப் டீசல் இளைஞராக 1879இல் சுல்சர் ஆலையில் பயிற்சி பெற்றவர். 1892இல் ஜெர்மனியில் விண்ணப்பித்து அடுத்த ஆண்டு 67207 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். 1893 மே மாதத்திலேயே சுல்சர் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் அந்தக் காப்புரிமையில் அவர் எழுதியிருந்தது, எரிபொருள் எரியும்போது வெப்பநிலை ஏறாமல் இருக்கும் இஞ்சினைப் பற்றி. அப்படி ஓர் இஞ்சின் உருப்படியாக ஓடாது என்று கணக்குப் போட்டபோது அவருக்கே தெரிந்துபோயிற்று. ஓடிய இஞ்சின் வேறு விதமாக, அழுத்தம் ஏறத்தாழ மாறாமல் எரிந்தது. அவசர அவசரமாக 1893 இறுதியில் இரண்டாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதல் காப்புரிமை செல்லாது, இது புதிதே அல்ல, எழுதியது ஒன்று ஓடுவது ஒன்று என்று எதிரிகள் பல ஆண்டுகள் அவரைத் துளைத்தெடுத்தார்கள். உலகத்தையே மாற்றிய இஞ்சின். அதற்கு உரிமை தந்த வாக்கியமோ வேறோர் இஞ்சினைப் பற்றியது. இதைவிடக் கசப்பான பாடம் காப்புரிமை வரலாற்றில் குறைவு.

இனித் தாழ்ப்பாளுக்கு வருவோம்.

நம் ஊர் வீட்டுக் கதவில் கொண்டியும் நாதாங்கியும் இருக்கும். கொண்டியை நாதாங்கியில் மாட்டினால் கதவு நிற்கும். கார் கதவிலோ ரயில் கதவிலோ இருப்பது இன்னும் கொஞ்சம் சிக்கல். கதவுச் சட்டத்தில் ஒரு தடித்த கம்பி நிற்கிறது. கதவுக்குள் பிளவுள்ள ஒரு சுழல்தகடு இருக்கிறது. கதவைச் சாத்தும்போது கம்பி அந்தப் பிளவுக்குள் புகுந்து தகட்டைச் சுழற்றுகிறது. சுழன்ற தகடு திரும்பி வராதபடி ஒரு தடைநாக்கு வில்லின் வேகத்தில் வந்து விழுகிறது. கைப்பிடியை இழுத்தால் நாக்கு விலகும், தகடு பின்னால் சுழலும், கதவு திறக்கும். தகட்டில் இரண்டு வெட்டுகள் இருக்கும். சரியாகச் சாத்தாத கதவு முதல் வெட்டிலாவது நின்றுகொள்ளும், ஓடும்போது பிளந்துகொண்டு போகாது. கார் கதவு "டக் டக்" என்று இரண்டு சத்தம் போடுவது இதனால்தான்.

இந்த இரண்டு நிலைகளும் வேண்டும் என்பது சட்டம். அமெரிக்க விதி, ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணையத்தின் 11ஆவது ஒழுங்குவிதி இரண்டும் கேட்கின்றன. முழுதாகச் சாத்திய நிலையில் தாழ் நீள்வாக்கில் 11,000 நியூட்டன், குறுக்குவாக்கில் 9,000 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஒரு சட்டம் எல்லாரையும் ஒரே மாதிரி செய்யச் சொல்கிறது, இன்னொரு சட்டம் உன்னுடையது மற்றவருடையதுபோல் இருக்கக்கூடாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சும் கொஞ்ச இடத்தில்தான் தாழ்ப்பாள் பொறியாளர் தம் வாழ்நாளைக் கழிக்கிறார். சத்தம் குறைய ஒரு ரப்பர் மெத்தை, பனியில் உறையாத ஒரு வில், விபத்தில் தானாகத் திறந்துகொள்ளாத ஓர் எதிர்ப்பளு. இவைதான் இந்தத் துறையின் கண்டுபிடிப்புகள். சிறியவை என்று நான் இகழமாட்டேன். கதவு பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்து இறந்தவர்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு இந்தச் சிறியவைதான் காரணம்.

அந்தப் பொறியாளர் விண்ணப்பிக்கிறார். காப்புரிமையில் வரைபடம் இருக்கும், விளக்கம் இருக்கும். ஆனால் உரிமையின் எல்லையைச் சொல்வது "உரிமைக்கோரல்" என்ற ஒற்றை வாக்கியம். முற்றுப்புள்ளியே இல்லாமல் அரைப்பக்கம் ஓடும். கதவில் பொருத்தப்பட்ட சுழல்தகடு, அதைத் தடுக்கும் நாக்கு, நாக்கை அழுத்தும் வில், வில்லுக்கும் நாக்குக்கும் இடையில் இன்ன உறுப்பு என்று போகும். வழக்கு வந்தால் இந்த வாக்கியத்தை அம்சம் அம்சமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி கொடுத்து, அட்டவணை போடுவார்கள். எதிர்த்தரப்பு பழைய ஆவணம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். அம்சம் எல்லாம் அந்த ஒரே ஆவணத்தில், நேரடியாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருந்தால் புதுமை போயிற்று. ஒன்றேனும் இல்லாவிட்டால் புதுமை நிற்கும். பாதி இந்த ஆவணத்தில் இருக்கிறது, மீதி அந்த ஆவணத்தில் இருக்கிறது என்று ஒட்டுப்போட்டுக் காட்ட, புதுமை என்ற கேள்விக்கு அனுமதி கிடையாது.

அப்படியானால் வாக்கியத்தை நீளமாக எழுதி, நூறு அம்சம் சேர்த்துவிட்டால் புதுமை உறுதிதானே? உறுதிதான். ஆனால் போட்டியாளர் அந்த நூறில் ஒன்றை விட்டுவிட்டு ஒரு தாழ் செய்து, சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே எல்லாரும் சுருக்கமாக, அகலமாக எழுதத்தான் ஆசைப்படுகிறார்கள். வலையை அகல விரித்தால் போட்டியாளர் சிக்குவார் என்பது உண்மை. கூடவே அவருடைய பாட்டனாரும் சிக்குவார். "கதவை மூடிய நிலையில் நிறுத்தும் அசையும் உறுப்பும் அதைத் தாங்கும் உறுப்பும்" என்று எழுதிப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் கொண்டியும் நாதாங்கியும் அந்த வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டுபிடித்தவர் உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்திருந்தும், பேராசையோடு எழுதியதால் பழையதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார், தோற்கிறார்.

"ரயில் கதவுக்கான தாழ்" என்று எழுதியிருந்தால், வீட்டு அலமாரித் தாழ் அதன் புதுமையைக் கெடுக்குமா? ஐரோப்பிய அலுவலகத்தின் வழிகாட்டி நூல் இதற்குச் சொல்லும் உதாரணம் எனக்குப் பிடித்தது. பாரந்தூக்கிக்கான கொக்கி என்று கேட்டால், தூண்டில் முள் அதே வடிவத்தில் இருந்தாலும் புதுமையைக் கெடுக்காது. தூண்டில் முள்ளால் பாரம் தூக்க முடியாது அல்லவா! "க்கான" என்ற சொல்லை அவர்கள் "அதற்கு ஏற்ற" என்று படிக்கிறார்கள். ஆகவே அலமாரித் தாழ் ரயில் கதவைத் தாங்குமா என்பதே கேள்வி. தாங்கும் என்று எதிர்த்தரப்பு நிறுவினால் கதை முடிந்தது. இப்படி ஒரு விகுதிக்காக ஒரு முற்பகல் போய்விடும். சட்டத்துக்குச் சம்பளம் வாங்குபவர்களைக் குறை சொல்லாதீர்கள். அந்த விகுதிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு வருமானம் இருக்கலாம்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973இல் கையெழுத்தாகி 1977இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையில் சுவிட்சர்லாந்து முதல் ஏழு நாடுகளுள் ஒன்று. காப்புரிமை வழங்கிய செய்தி வெளியான ஒன்பது மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். அதில் வந்த முடிவு பிடிக்காதவர் இரண்டு மாதத்தில் மேல்முறையீடு செய்து, நான்கு மாதத்துக்குள் காரணங்களை எழுதித் தர வேண்டும். மேல்முறையீட்டில் புது ஆவணம் கொண்டுவருவது இப்போது ஏறத்தாழ முடியாத காரியம். உரிமையாளர் முதன்மை வாசகத்தோடு, அது தோற்றால் இது, இது தோற்றால் அது என்று படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும் மாற்று வாசகங்களையும் கையில் வைத்திருப்பார். விசாரணை பொது அமர்வு. உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். முடிவை அன்று மாலையே வாயால் சொல்லிவிடுவது வழக்கம். காரணம் எழுத்தில் பிறகு வரும்.

புதுமைத் தடையைத் தாண்டியவருக்கு அடுத்த தடை காத்திருக்கிறது. அதுதான் பலரையும் வீழ்த்துவது. அந்தத் தடையைச் சட்டத்துக்குக் கொண்டுவந்ததே ஒரு கதவு வழக்குதான். தாழ்ப்பாள் அல்ல, அதற்கு அண்டை வீட்டுக்காரர்: கதவுக் குமிழ்.

அமெரிக்காவில் 1841இல் ஹாட்ச்கிஸ் என்பவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. களிமண்ணாலோ பீங்கானாலோ செய்த குமிழ். அதன் உள்ளே அடியில் அகன்று வாயில் குறுகிய குழி. அந்தக் குழியில் உலோகத் தண்டை வைத்து, உருகிய உலோகத்தை ஊற்றினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். களிமண் குமிழ் மலிவு, பார்க்க அழகு, மரம்போல் உளுக்காது, இரும்புபோல் துருப்பிடிக்காது. கிரீன்வுட் என்பவர் அதேபோல் செய்து விற்றார். ஒஹையோ மாநிலத்தில் வழக்கு. விசாரணையில் தெரிந்தவை இவை: இந்தக் குழியும் தண்டும் உலோகக் குமிழில் முன்பே இருந்தன. களிமண் குமிழ்களும் முன்பே இருந்தன. களிமண் குமிழில் இந்தக் குழியைப் போட்டது மட்டும் இவர்கள்.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1851இல் தீர்ப்பு. நீதிபதி நெல்சன் எழுதினார். கண்டிப்பான பொருளில் பார்த்தால் இந்தக் குமிழ் புதிதுதான், இதற்குமுன் யாரும் அப்படியே செய்ததில்லை. ஆனால் தொழில் தெரிந்த ஒரு கைவினைஞர் செய்யக்கூடியதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டது. ஒன்றுமில்லை என்று கண்டு காப்புரிமையைத் தள்ளிவிட்டது. வுட்பரி என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். பொருள் புதிது, மேலானது, மலிவானது என்றால் வேறு என்ன வேண்டும், அதைக் கண்டுபிடித்தவன் எவ்வளவு மூளையைக் கசக்கினான் என்று நாம் ஏன் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு வுட்பரி மீது ஒரு பரிவு உண்டு, ஒளிக்கவில்லை. மூளையை அளக்கும் கோல் யாரிடமும் கிடையாது. தீர்ப்புச் சொல்பவர் அந்தக் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது எல்லாமே எளிதாகத்தான் தெரியும். ஐரோப்பிய வாரியங்கள் இந்த அபாயத்தை உணர்ந்தே, தொழில் தெரிந்த ஒருவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் இதைச் செய்துதான் இருப்பாரா, அதற்கு அவரைத் தூண்ட முந்தைய ஆவணங்களில் என்ன இருந்தது என்று கேட்கும் வழக்கத்தை வளர்த்தார்கள். நல்ல வழக்கம். இருந்தாலும் நெல்சன் பக்கத்து நியாயம் பெரியது என்றே என் முடிவு. களிமண்ணுக்கு ஒரு காப்புரிமை, கண்ணாடிக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போனால், குமிழ் செய்யும் சாதாரணப் பட்டறைக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலியில் முட்டிக்கொள்வான்.

இந்தியாவிலும் இப்படி ஒரு வழக்கு, அதுவும் பட்டறைக்காரர்களுக்குள். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தி மெருகேற்றும்போது அது கழன்று பறந்து ஆளைக் காயப்படுத்தும். அப்படிப் பறக்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஓர் அமைப்புக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனம் எதிர்த்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை நீக்கினார், அமர்வு நீதிபதிகள் திருப்பிக் கொடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் மறுபடியும் நீக்கியது. நீதிபதி சர்க்காரியாவின் அந்தத் தீர்ப்பை இந்தியக் காப்புரிமை வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பட்டறையில் அன்றாடம் செய்யும் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின், இத்தகைய மேல்முறையீடுகள் உயர்நீதிமன்றங்களுக்குப் போய்விட்டன. சென்னை உயர்நீதிமன்றத்தில் அதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.

இங்குள்ள நிலை என்ன என்று இளைஞர்கள் கேட்பீர்கள். பொலிமெக்கானிக்கர் பயிற்சி முடித்து, இயந்திரக் கூடங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். நீங்கள் பேர்ன் அலுவலகத்தில் சுவிஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், இது புதிதா என்று அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. தாழ்ப்பாளைக் கேட்டால் தாழ்ப்பாளுக்குத் தாள் வந்துவிடும். அது நிற்குமா என்பது வழக்கு வரும்போதுதான் தெரியும். முன்பு சூரிச் வணிக நீதிமன்றம், 2012 முதல் சென்ட் காலனில் உள்ள கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம், அதற்கு மேல் லவுசானில் உள்ள உச்ச நீதிமன்றம். 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. இனி ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முந்தைய அறிவைத் தேடி அறிக்கை வைப்பார்கள், கேட்டால் முழு ஆய்வும் செய்வார்கள். திருத்தம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை, சுவரில் சட்டம்போட்டு மாட்டிய சுவிஸ் காப்புரிமையைப் பார்த்து யாரும் முதலீடு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாழ்ப்பாளின் தோற்றத்துக்கு மட்டும் உரிமை வேண்டுமென்றால் அது வேறு சட்டம், வடிவமைப்புச் சட்டம். அதிகபட்சம் 25 ஆண்டு. இன்று அதற்குள் போகவில்லை.

இனிச் சாட்சிக்கு வருகிறேன்.

ஐரோப்பியச் சட்டத்தில் முந்தைய அறிவுக்கு எல்லை கிடையாது. எந்த நாட்டில், எந்த மொழியில், எந்தக் காலத்தில், எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு எட்டியிருந்தால் போதும். காரைக்குடி வீட்டு முகப்புக் கதவின் தாழ் மேல்முறையீட்டு வாரியத்தில் ஒரு காப்புரிமையைக் கவிழ்க்கலாம், சட்டப்படித் தடையில்லை. ரகசியம் காக்கக் கடமைப்படாத ஒரே ஒருவருக்கு ஒரே ஒன்றை விற்றிருந்தாலும் அது வெளிப்படுத்தியதுதான் என்று வாரியங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் நிரூபிக்க வேண்டும். என்ன செய்யப்பட்டது, எப்போது, எங்கே, யாருக்கு? சான்றெல்லாம் எதிர்ப்பவரின் கையிலேயே இருக்கும் வழக்கில், ஐயத்தின் நிழல்கூட இல்லாமல் நிரூபிக்கச் சொல்வார்கள். "எங்கள் ஊரில் இது தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது" என்று சொன்னால் வாரியத்தின் மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அந்நாட்டுக்கு வெளியே ஒரு பொருள் பயன்பாட்டில் இருந்தது என்பது 2013 மார்ச் வரை அங்கே கணக்கிலேயே வராது. அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமையாகியிருக்க வேண்டும். இலட்சம் கதவுகளில் இருக்கும் தாழ், எழுதப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் அப்போது அமெரிக்காவில் "புதிது" ஆகிவிட முடிந்தது. மஞ்சளைப் புண்ணுக்குப் போடுவதற்கு 1995இல் அங்கே காப்புரிமை வழங்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான். அதை நீக்க, இந்தியாவின் அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் நம் பாட்டிமார்களை அழைத்துப் போகவில்லை. 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை உள்பட அச்சான சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது. 1997இல் காப்புரிமை போயிற்று. வேம்பு வழக்கு ஐரோப்பாவில் நடந்தது. வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு வழங்கிய காப்புரிமைக்கு எதிராக, இந்தியத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் ம்யூனிக் வரை வந்து, இந்த முறையைத் தாம் முன்பே கையாண்டதைச் சாட்சியமாகச் சொன்னார். 2000இல் ரத்து, 2005 மார்ச்சில் மேல்முறையீடு தள்ளுபடி. எதிர்ப்பு மனு போட்டதிலிருந்து பத்தாண்டுகள். மரம் எத்தனை ஆயிரம் ஆண்டு பழையது என்பதெல்லாம் அங்கே யாரையும் அசைக்கவில்லை. நாள் குறித்த சான்று அசைத்தது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலர் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அது காப்பது பெயரை. மாங்காய்ப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, மணிப் பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பவற்றை அது காக்காது. அந்தப் பட்டறைகளில் கை ஓய்ந்தவர்கள் போய்விட்டால், அவர்கள் செய்த தந்திரங்களை நாளை எவரேனும் எங்கேனும் புதிது என்று எழுதிக் கேட்கலாம். நாம் கோபப்படுவோம், சாட்சி கேட்பார்கள், நம்மிடம் கோபம் மட்டும்தான் இருக்கும்.

அதனால் இரண்டு வேண்டுகோள்களை வைத்துவிட்டு அமர்கிறேன்.

இளைஞர்களுக்கு முதலாவது. பட்டறையில் நீங்கள் ஒன்று கண்டுபிடித்தால், விண்ணப்பிக்கும்வரை அதை வாட்ஸப்பில் போடாதீர்கள், கண்காட்சியில் வைக்காதீர்கள், வாடிக்கையாளருக்கு மாதிரி கொடுக்காதீர்கள். ஐரோப்பாவில் உங்கள் சொந்த வெளியீடே உங்கள் புதுமையைக் கெடுக்கும். சில அபூர்வ விலக்குகள் தவிர மன்னிப்புக் காலம் கிடையாது. எஸ்பாஸ்நெட் தரவுத்தளம் இலவசம். பூட்டுக்கும் தாழுக்கும் ஈ05பி, ஈ05சி என்ற வகைப்பாட்டு எண்களில் முதலில் தேடிப் பாருங்கள். தேடிக் கிடைத்ததைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். அதிலிருந்து உங்களுடையது எங்கே விலகுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியம் எழுத வரவில்லையென்றால் வழக்குரைஞருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினருக்கு. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் புத்தகம் ஒன்றுக்குத் தாருங்கள். யாழ்ப்பாணத்திலும் செட்டிநாட்டிலும் திண்டுக்கல்லிலும் எஞ்சியிருக்கும் தாழ்கள், கொண்டிகள், பூட்டுகள் ஒவ்வொன்றையும் கழற்றி, உள்ளமைப்பை அளவோடு வரைந்து, எந்த வீடு, எந்தப் பட்டறை, எந்த நாள் படம் எடுத்தது என்று குறித்து, தமிழில் அச்சிடுங்கள். ஆங்கிலத்தில் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தமிழில் இருந்தாலும் வாரியத்தில் அது செல்லும். அச்சான நாளை முதல் பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள். ஒரு பிரதியைப் பேர்னில் உள்ள சுவிஸ் தேசிய நூலகத்துக்கும் ஒன்றைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.